ஊசிப்பாறையின் போகி

அரசாங்கம் தமிழ்நாட்டு மக்களுக்கு ஒரு மூக்கு வாங்கிக் கொடுத்திருந்தது. அது இந்தப் பூமியிலேயே இல்லை. வெகு உயரத்தில், சில செயற்கைக்கோள்களின் வயிற்றுக்குள் இருந்தது. காட்டுத்தீயின் புகையோ, கல்குவாரித் தூசியோ, கடல் தாண்டி வரும் பாலைவனப் புழுதியோ, எதுவானாலும் அது எங்கே கிளம்பியது, எந்தப் பக்கம் போகிறது, யார் வீட்டு ஜன்னலில் எப்போது நுழையும் என்று படம் பார்த்துக் கண்டுபிடித்து, அந்த வீட்டுக்காரரின் போனுக்குச் சொல்லிவிடும். திட்டத்தின் பெயர் புகைத்தடம். பச்சை வந்தால் வீட்டில் இருக்கலாம், மஞ்சள் வந்தால் கதவைச் சாத்த வேண்டும், சிவப்பு வந்தால் போட்டது போட்டபடி கிளம்பிவிட வேண்டும்.

வந்த புதிதில் ஜனங்கள் கேலி செய்தார்கள். பிறகு ஒரு கோடையில் மலைச்சரிவில் ஒரு எஸ்டேட்டே எரிந்து போனபோது, சிவப்பைப் பார்த்துக் கிளம்பிய அத்தனை குடும்பமும் பிழைத்தது. கேலி அன்றோடு நின்றது. அடுத்த வீட்டில் சாம்பார் அடிப்பிடித்தால்கூட, போனை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மூக்கைப் பொத்துவது என்றாகிவிட்டது. சொந்த மூக்கை நம்புகிறவர்களைப் படிக்காதவர்கள் என்று சொல்லவும் ஆரம்பித்தார்கள்.

அந்த மூக்குக்கு வேலை பார்ப்பவர்களில் ஒருத்தி ஆவுடைச்செல்வி. சொந்த ஊர் தென்காசிப் பக்கம் ஆழ்வார்குறிச்சி. சென்னை அலுவலகத்தில் தென்கோடிப் படங்களைப் பார்ப்பது அவள் பொறுப்பு. வேலையில் கெட்டிக்காரி. ஆனால் கூட்டங்களில் வாயைத் திறக்க மாட்டாள். திறக்காமல் போனதற்கு ஒரு கதை உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், துறைச் செயலாளர் முன்னால் படங்களை விளக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வரைபடம் திரையில் வராமல் அடம் பிடித்தது. செல்வி இயல்பாக, "சவத்த விடுங்க சார், அடுத்ததப் பாப்போம்" என்று சொல்லிவிட்டாள். அவள் ஊரில் பால் பொங்கி வழிந்தாலும், பஸ்ஸைத் தவறவிட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அறை வெடித்துச் சிரித்தது. செயலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு காபி வரத் தாமதமானால் "சவத்த விடுங்க", லிஃப்ட் நின்றுபோனால் "சவத்த விடுங்க". யாருக்கும் அவள்மேல் கெட்ட எண்ணம் கிடையாது. அதனாலேயே அவளால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

அன்றிலிருந்து செல்வி எதைச் சொல்வதானாலும் முதலில் மனதுக்குள் சென்னைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள். சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்ப்பாள். அதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். அப்படி முழுங்கிய வாக்கியங்கள் எத்தனையோ. பெரும்பாலானவற்றை முழுங்கியதால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வரவில்லை.

போகி விதி பற்றிய கூட்டமும் அப்படிப்பட்ட ஒரு கூட்டம்தான்.

புகைத்தடம் முதலில் சென்னையைச் சுற்றியும் சில மலைச்சரிவுகளிலும் மட்டும் ஓடியது. அந்த வருடப் போகியன்று விடியற்காலையில் மாநகரமே பழைய பாயையும் துடைப்பத்தையும் தெருவில் போட்டுக் கொளுத்த, வானத்து மூக்கு பதறிப்போய் எல்லோருக்கும் சிவப்பு அனுப்பிவிட்டது. இரவு உடையோடு ஜனங்கள் மாடியிலிருந்து இறங்கி ஓடினார்கள். படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. அமைச்சர் தொலைபேசியில் போட்ட சத்தத்தை, இயக்குநர் ஹேமச்சந்திரன் பல நாள் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். அடுத்த போகிக்குள் திட்டம் மாநிலம் முழுக்கப் போகவிருந்தது.

"சிம்பிளா ஒரு விதி எழுதிடலாம்" என்றார் ஹேமச்சந்திரன். "போகி அன்னிக்குக் காலைல, ஊர் இருக்கிற இடத்துல எங்க புகை கிளம்பினாலும் அது போகிப் புகை. பச்சை அனுப்பிடு. அதுக்கு மேல மெஷின் அதை ஆராய வேணாம்."

"எல்லா மாவட்டத்துக்குமா சார்?" என்று கேட்டாள் நிரல் எழுதும் விஷ்ணுப்ரியா.

ஹேமச்சந்திரன் சிரித்தார். "போகி கொளுத்தாத தமிழன் எங்கம்மா இருக்கான்? கன்னியாகுமரி வரைக்கும் போட்டுடு."

செல்வியின் வாய் திறந்தது. அவள் ஊரில் போகியன்று எதையும் கொளுத்த மாட்டார்கள். வீட்டுக்கு வெள்ளை அடிப்பார்கள். பொங்கல் பானையைத் தாங்கும் மண்கட்டிகளுக்குச் சுண்ணாம்பும் காவியும் பூசிக் காயவைப்பார்கள். பனங்கிழங்கும் மஞ்சள் குலையும் வாங்கச் சந்தைக்குப் போவார்கள். நெருப்பு மறுநாள்தான், அதுவும் பானைக்கு அடியில். தெருவில் குப்பையைக் கொளுத்தும் போகியை அவள் முதலில் பார்த்ததே சென்னையில்தான். பார்த்த அன்று, தீப்பிடித்துவிட்டது என்று விடுதிப் பெண்களை எழுப்பிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

‘எங்க பக்கம் அந்தப் பழக்கம் கெடயாது சார்’ என்று நாக்கு நுனிவரை வந்தது. கெடயாது இல்லை, கிடையாது. கிடையாதும் வேண்டாம், ‘இல்லை’ என்றே சொல்லிவிடலாம். ‘எங்க பக்கம்’ என்றால் மறுபடியும் ஆரம்பித்துவிடுவார்கள், ‘சதர்ன் டிஸ்ட்ரிக்ட்ஸ்ல’ என்று சொல்லலாம். வாக்கியம் தயாரானபோது பிஸ்கட் தட்டு அவள் பக்கம் வந்திருந்தது. போனில் போகவேண்டிய செய்திக்கு வாசகம் கேட்டார்கள். அதையாவது செய்வோம் என்று செல்வி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: ‘இது போகிப் பண்டிகைப் புகை. ஆபத்து இல்லை. இனிய பொங்கல் வாழ்த்துகள்.’ வாழ்த்து அவளுடைய யோசனை. எல்லோரும் பாராட்டினார்கள்.

அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மார்கழியிலேயே தெற்கு மலையின் புல்வெளி பங்குனியில் காய்வதுபோலக் காய்ந்துவிட்டது.

போகி விடிந்தபோது செல்வி திரைக்கு முன்னால் இருந்தாள். வட மாவட்டங்கள் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் பச்சைப் புள்ளி விழுந்துகொண்டிருந்தது. அவளுடைய தெற்கு சுத்தமாக இருந்தது. மலையடிவாரத்தில், ஊசிப்பாறை என்ற சிற்றூருக்கு மேல் மட்டும் ஒரு சின்ன வெள்ளைக் கீற்று. அதன் மேலும் பச்சைப் புள்ளி.

அவள் அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பின்னால் எத்தனையோ முறை தனக்குத் தானே சொல்லிப் பார்த்தும் அது ஒட்டவில்லை. பார்த்தாள், விரலைக்கூட அதன்மேல் கொண்டுபோனாள். இப்போதெல்லாம் டிவி பார்த்து அவர்களும் கொளுத்த ஆரம்பித்திருப்பார்களோ என்று நினைத்தாள். விதியை மீறி ஒரு புள்ளியை மாற்றுவதானால் ஹேமச்சந்திரனை அழைத்துக் காரணம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசித்தபோதே அலுப்பாக இருந்தது. விரலை எடுத்துவிட்டாள்.

கீற்று புகைமூட்டமாகி, மூட்டம் ஊர் எல்லையைத் தாண்டி மலையை மறைத்து, கணினி தானாகவே விழித்துக்கொண்டு சிவப்பு அனுப்பியபோது, ஊசிப்பாறையின் மேற்குப் பக்க வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. துரைப்பாண்டி என்பவரும் இன்னும் சிலரும் இறந்துபோனார்கள். பெரும்பாலும் நெருப்பினால் அல்ல, புகையினால்.

பொங்கலன்று அலுவலகத்தில் யாரும் இல்லை. செல்வி வந்து உட்கார்ந்து, போகி விதியை நீக்கிவிட்டு அதே படங்களை மறுபடி ஓட்டினாள். விதி இல்லாத இயந்திரம் காற்றின் திசையையும் தரையின் சூட்டையும் பார்த்து, புகையின் வாலைப் பிடித்துக்கொண்டே போய், ஊருக்கு வெளியே மேட்டில் மின்கம்பி போகும் இடத்தில் நின்றது. அங்கேதான் பொறி விழுந்திருக்கிறது. ஊர் விழிப்பதற்கு முன்பே சிவப்பு போயிருக்கும். நடந்து கிளம்பவே நேரம் இருந்திருக்கும்.

விடுமுறை முடிந்து வந்த ஹேமச்சந்திரன் அதை முழுவதும் பார்த்தார். அவர் அரக்கர் இல்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இது வெளில போனா என்ன ஆகும், யோசிச்சியா?" என்றார். "நாளைக்கு நிஜமா சிவப்பு வரும்போது ஒருத்தன் நகர மாட்டான். ‘அன்னிக்கும் பச்சைன்னுதானே சொன்னீங்க’ன்னு வீட்லயே உக்காந்துப்பான். இதைவிட அதிகமா சாவாங்க. விதியை எடுத்துடலாம். இனிமே நடக்காது. ஆனா நடந்தது நடந்ததா இருக்கட்டும்."

"ஊசிப்பாறை, சார்?"

"அவங்களுக்கு நிவாரணம் வரும்."

வந்தது நிவாரணம் அல்ல, விசாரணை. புகைத்தடத்தின் பதிவில் காரணம் என்ற இடத்தில் ‘போகி’ என்றும், இடம் என்ற இடத்தில் ‘ஊசிப்பாறை’ என்றும் இருந்தது. போனில் சமாதானம் சொல்ல எழுதிய ஒரு சொல், அப்படியே சாட்சியாகிவிட்டது. ஊர்க்காரர்கள் காட்டோரத்தில் போகி கொளுத்திக் காட்டை எரித்துவிட்டார்கள், இனி அவர்களை அங்கே விட்டுவைக்க முடியாது, மொத்தமாகக் கீழே இறக்கிவிட வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. தொலைக்காட்சியில் விவாதம் வைத்தார்கள். வீட்டைப் பறிகொடுத்தவர்களுக்கு ‘காட்டைக் கொளுத்தியவர்கள்’ என்று பெயர் வந்துவிட்டது.

விசாரணை ஊசிப்பாறையின் பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஒரு பக்கச் சுவர் கரிபிடித்திருந்தது. கோட்டாட்சியர் புருஷோத்தமன் மேசைக்குப் பின்னால் இருந்தார். அவர் காஞ்சிபுரத்துக்காரர், கண்ணியமானவர். தொழில்நுட்ப விளக்கம் தர ஹேமச்சந்திரனும் அவருக்குத் துணையாகச் செல்வியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தரையில் ஊர். உள்ளூர் கிராம அலுவலர் கதவோரமாக நின்று உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே போகி கொளுத்த மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்குத்தான் தெரியாது என்று செல்வி நினைத்துக்கொண்டாள். உத்திரத்தைப் பார்க்கும் வசதி தனக்கு இல்லையே என்றும் இருந்தது.

"அய்யா, நாங்க கொளுத்தவே இல்ல" என்றார் ஊர்த்தலைவர் மாசானம். "எங்களுக்கு அந்த வழக்கமே கெடயாது."

புருஷோத்தமன் பொறுமையாகச் சொன்னார். "பெரியவரே, எங்க ஊர்ல போகி கொளுத்தாத வீடு கிடையாது. பண்டிகை கொண்டாடினது தப்புன்னு யாரும் சொல்லலை. ஆனா செயற்கைக்கோள் பொய் சொல்லாது. அதுக்கு உங்கமேல என்ன விரோதம்? இல்லையா சார்?"

ஹேமச்சந்திரன் கனைத்துக்கொண்டார். "பதிவுல அப்படித்தான் இருக்கு" என்றார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். துரைப்பாண்டியின் மனைவி முப்பிடாதி. அழுது முடித்த முகம்.

"அய்யா, நான்தான் கொளுத்தினேன்" என்றாள்.

ஊர் திரும்பிப் பார்த்தது. "ஏ முப்பிடாதி, உக்காரு" என்றார் மாசானம்.

"இருங்க மாமா. ஒரு பழைய பாய கொல்லையில போட்டுக் கொளுத்தினேன். அது பறந்து போயி காட்டுல விழுந்திருக்கும். ஒருத்தி செஞ்சதுன்னு எழுதிக்கிடுங்க. என்னய ஜெயில்ல போடுங்க. ஊர இங்கனயே விட்டுருங்க."

புருஷோத்தமன் பேனாவைக் கையில் எடுத்தார். பிறகு வைத்தார். "யாராவது சொல்லச் சொன்னாங்களாம்மா?"

"யாரும் சொல்லல. எல்லாத்துக்கும் நான்தான் காரணம். அவருக்கு ஏற்கெனவே நெஞ்சு இழுப்பு. பொக வாட வந்ததும் எந்திரிச்சு, ‘கெளம்புவோம் பிள்ள’ன்னாரு. நான்தான் போன எடுத்துப் பாத்துட்டு, ‘பச்சதான் காட்டுது. பொங்கல் வாழ்த்துலாம் போட்டுருக்காவ. மூக்க நம்பிட்டு ஓடுவீங்களா, பேசாம படுங்க’ன்னேன். எம்பேச்சக் கேட்டுப் படுத்தாரு."

செல்விக்குத் தன் கையெழுத்தில் இருந்த அந்த வாழ்த்து நினைவுக்கு வந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இந்தப் பெண் செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று எழுந்து நிற்கிறாள், செய்தவள் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஹேமச்சந்திரன் மேசைக்கு அடியில் அவள் மணிக்கட்டை லேசாகத் தொட்டார். வேண்டாம் என்று பொருள்.

புருஷோத்தமன் மறுபடி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"எழுதாதீங்க சார்" என்றாள் செல்வி.

எழுந்து நின்றிருந்தாள். எந்த வாக்கியத்தையும் அவள் முன்கூட்டி யோசிக்கவில்லை.

"அந்த அக்கா பொய் சொல்லுதாங்க. ஒண்ணையும் கொளுத்தல. எங்க பக்கத்துல போகிக்கு யாரும் எதையும் கொளுத்த மாட்டாங்க சார். வெள்ள அடிப்பாங்க, கட்டிக்குக் காவி பூசுவாங்க, அவ்வளவுதான். வேணும்னா கதவுகிட்ட நிக்காங்களே, அந்த அண்ணாச்சிகிட்டயே கேளுங்க."

கிராம அலுவலர் உத்திரத்திலிருந்து கண்ணை இறக்கினார். "ஆமா சார்" என்றார், தரைக்கு மட்டும் கேட்கும் குரலில்.

"அப்போ செயற்கைக்கோள்?" என்றார் புருஷோத்தமன்.

"அது போகின்னு சொல்லவே இல்ல சார். பொகன்னுதான் சொல்லிச்சு. போகின்னு சொன்னது நாங்க. அன்னைக்குக் காலைல வார பொகைய எல்லாம் போகின்னு வச்சுக்கோ, எங்க இருந்து வருதுன்னு தேடாதன்னு நாங்கதான் விதி எழுதி வச்சோம். மேல இருந்து பாக்கும்போது இந்த ஊரும் அந்த மேடும் ஒரே கட்டத்துக்குள்ள இருக்கு. அதனால மெஷின் ஊர் மேல போட்டுட்டு அதோட விட்டிருச்சு. விதிய எடுத்துட்டு ஓட்டிப் பாத்தேன். தீ மேட்டுல, கரண்டு கம்பிக்குக் கீழ பிடிச்சிருக்கு. எங்கிட்ட படம் இருக்கு. தாரேன்."

ஹேமச்சந்திரன் கண்ணை மூடிக்கொண்டார்.

புருஷோத்தமன் தான் எழுதிய வரியைக் குறுக்காக அடித்தார். அவர் குரலில் இப்போது கண்ணியத்தோடு வேறு ஏதோ கலந்திருந்தது. "இந்தப் பக்கம் போகி கொளுத்த மாட்டாங்கன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"பொறந்ததுல இருந்தே தெரியும் சார்."

ஊர்க்காரர்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர் தப்பித்தது என்பது அவர்களுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. மாசானம் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு குலுங்கினார்.

முப்பிடாதி மட்டும் உட்காரவில்லை. இவ்வளவு நேரம் நாற்காலிக்காரர்களில் ஒருத்தியாகத் தெரிந்தவளை இப்போதுதான் முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

"நீ எந்தூரு தாயி?"

"ஆழ்வார்குறிச்சி."

"நம்ம பிள்ளையா நீ." அதில் பாசமும் இல்லை, பழியும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் இருந்தது. "அப்ப அந்த விதிய எழுதும்போது நீ அங்கன இருந்தியா?"

"இருந்தேன்."

"ஏந் தாயி சொல்லல?"

சொல்வதற்குக் காரணங்கள் இருந்தன. கூட்டத்தில் நேரம் இல்லை என்று சொல்லலாம். மேலதிகாரி கேட்கவில்லை என்று சொல்லலாம். பொய்யென்று யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதையெல்லாம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"எம்பேச்சுக் கேட்டா அங்க எல்லாரும் சிரிப்பாங்க அக்கா" என்றாள். "அதான் பேசாம இருந்துட்டேன். வெக்கமா இருந்துச்சு."

முப்பிடாதி அதைப் புரிந்துகொள்ள முயன்றாள். நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே முயன்றாள்.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாவ" என்றாள் கடைசியில். "அதுக்கு மேல ஒன்னய என்ன தாயி செஞ்சிருப்பாவ?"

செல்வி யோசித்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டாங்க" என்றாள்.